நிலவறையில் விழுந்த போன்

என் வீட்டுக்காரர் துபாய் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போனார். ரோமானியர் காலத்திலிருந்து திராட்சை பயிரிடும் மோசெல் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஒரு குடும்பம் நடத்தும் விடுதியில் வேலை. பின்னால் செங்குத்தான மலை முழுக்கத் திராட்சைக் கொடி, வீட்டுக்கு அடியில் நிலவறை, அதில் வைன் பீப்பாய்கள். படகில் வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்களுக்கு வைனை ருசி பார்க்கக் கொடுத்து, எது எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் குலசேகரத்தில் என்னோடு இருந்த மாமியாரிடம் ஓட்டல் வேலை என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். எங்கள் சபையில் குடி என்றால் பெரிய பாவம். நற்கருணைக்கே வைனுக்குப் பதில் திராட்சைச் சாறுதான்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே காலை நேரம். முதலாளி அறுவடைக்கு மலையேறிவிட்டார், மேலே விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள், கீழே போய் ஒரு பாட்டில் எடுக்க வேண்டும் என்றார்.

“புது வைன் நுரச்சிற்று கெடக்கு மக்கா. வா, காட்டித் தாறேன்.”

விருந்தினர்களுக்காக நிலவறை வரைக்கும் வைஃபை வைத்திருந்தார்கள். கல்படிகளில் அவர் இறங்குவது தெரிந்தது. பீப்பாய்களின் மேலே கண்ணாடிக் குழாய்களில் குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. ‘களுக், களுக்’ என்று சத்தம்.

“தல ஒரு மாதிரி சுத்துகு,” என்றார். திரும்பிப் படியேறத் தொடங்கினார். போன் கீழே விழுந்தது. திரை கறுப்பானது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்தக் களுக் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

திராட்சைச் சாறு நுரைக்கும்போது மூச்சை அடைக்கும் ஒரு வாயு வரும், அதை வெளியே தள்ளும் காற்றாடியைப் போடாமல் யாரும் கீழே இறங்கக் கூடாது என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். இப்போது காற்றாடிச் சத்தம் கேட்கவில்லை.

மாமியாரின் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. விடுதியைக் கூப்பிட வேண்டுமானால் இந்த அழைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தால் அவரை ஒரேயடியாக விட்டுவிடுவதுபோல் இருந்தது. அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு துண்டித்தேன்.

விடுதியின் இணையப் பக்கத்தில் அறை பதிவு செய்வதற்கு ஒரு எண் இருந்தது. ஒரு பெண் எடுத்து ஜெர்மனில் இனிமையாக ஏதோ சொன்னாள். எனக்கு ஆங்கிலம்கூட வாயில் வரவில்லை. நிலவறைக்கு அவர்கள் சொல்லும் பேர் மட்டும் நினைவில் இருந்தது. என் புருஷன் பேரையும் ‘கெல்லர், கெல்லர்’ என்பதையும் மாறிமாறிச் சொன்னேன். அந்தப் பக்கம் போனைப் போட்டுவிட்டு ஓடுவது கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். “எதுக்குட்டி கெடந்து அலறுக? அவன் என்ன செல்லுதான்?”

“ஒண்ணுமில்ல மாமி. சிக்னல் இல்ல.”

“சிக்னல் இல்லேண்ணா இப்பிடியா அலறுக?”

போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரை இருண்டால் உடனே தொட்டு வெளிச்சமாக்குவேன். கிணற்றில் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்தது.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது எடுக்கவே பயமாக இருந்தது. விடுதிப் போனில் விழுந்த என் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டவள், அங்கே வைன் ருசிக்க வந்திருந்த ஒரு இங்கிலாந்துக்காரி. அவர் மூச்சுவிடுகிறார், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று நிதானமாக இரண்டு முறை சொன்னாள். என் போனை எடுத்த முதலாளியின் மனைவி யாரையும் உடனே இறங்க விடாமல், முதலில் காற்றாடியைப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேர் போய்த் தூக்கினார்களாம். வாயு கனமானது, தரையோடு கிடக்கும். அவர் படியின்மேல் விழுந்ததால்தான் தப்பித்தார் என்று டாக்டர் சொன்னதாக மறுநாள் என் வீட்டுக்காரரே போனில் சொன்னார். விருந்தினர் காத்திருந்த அவசரத்தில் காற்றாடியைப் போட மறந்துவிட்டாராம்.

அப்புறம் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. திட்டுவார் என்று நினைத்தேன். வைன் என்ற சொல்லை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“இனியும் அவன் அந்தக் குழிக்குள்ள எறங்குவானா?” என்று கேட்டார்.

“எறங்காம வேல பாக்க முடியாது மாமி.”

இப்போதும் என் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார். அறுவடை மாதத்தில் அவர் போன் எடுக்கத் தாமதமானால் உள்ளே இருக்கும் பயம் தெரிந்துவிடும் என்று நானும் மாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.