எரித்த மூன்று நெற்செடிகள்

ரப்பர்த் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பால்மரம் வெட்டிப் பால் எடுத்த கையால், மலேசியாவில் சித்தியவான் பக்கம் இருபது ஏக்கர் நெல்வயல் சம்பாதித்தேன். தூரத்திலிருந்து பார்த்தே எது பயிர், எது களைநெல் என்று சொல்லிவிடுவேன். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்த மேரி, என் வயலில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினாள். ஆப்பிரிக்க நெல்லையும் நம் நெல்லையும் கலந்து நாற்பது செடி வளர்த்தாள். எல்லாவற்றிலும் இலை நறுக்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள்.

“இலையக் கிள்ளி என்னம்மா தெரியும்? என்னைக் கேளு லா,” என்று சிரித்தேன்.

“கண்ணுக்குத் தெரியாது அண்ணே. ரெண்டு நெல்லோட அடையாளமும் மரபணுவுல இருந்தாத்தான் உண்மையான கலப்பு.”

கதிர் வந்தபோது மூன்று செடிகள் மட்டும் முழுக்கப் பதராக நின்றன. களைநெல் என்று அவளைக் கேட்காமலே பிடுங்கி எரித்தேன்.

மறுவாரம் சோதனைத் தாளோடு ஓடி வந்தாள். “மூணே மூணுதான் கலந்திருக்கு அண்ணே. இப்படிக் கலந்தா முதல்ல பதராத்தான் வரும். மறுபடி பூக்கும்போது நம்ம நெல்லோட மகரந்தத்தச் சேத்து, அதுலேர்ந்துதான் அடுத்த தலைமுறைய எடுக்கணும்.”

அந்த மூன்றும் நின்ற இடத்தில் எண் எழுதிய குச்சிகள் மட்டுமே இருந்தன.

“எலி லா,” என்றேன்.

செடியைப் பாதுகாக்கவில்லை என்று ஆராய்ச்சி நிலையம் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

இப்போது பத்து காஜா ஊரில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் இருக்கிறாள். போகும்போதெல்லாம் கேட்கிறாள், “வயல்ல எலி குறைஞ்சிருச்சா அண்ணே?”

குறைந்துவிட்டது என்றுதான் சொல்கிறேன்.