நுவாசியில் இறங்காத பெண்மணி

இரண்டு வருடங்களுக்கு முன்னர், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. லாச்சப்பலில் நான் வேலை செய்யும் சாறிக்கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். பாரிசில் எங்கள் ஆட்களுக்கு அது கலியாணமும் சாமத்தியவீடும் தொடங்குகிற காலம். ஒரு கையில் பிளவுஸ் துணியும் மறு கையில் அளவு நாடாவுமாக நின்றேனே தவிர, என் மனம் கடையில் இல்லை. திங்கட்கிழமைக்குள் மகளின் லிசேக்கு, அதாவது அவளுடைய உயர்தரப் பள்ளிக்கு, ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்தான் ஒரு மாதமாக எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். இங்கே லிசேயில் பிள்ளைகள் முதலில் மூன்று சிறப்புப் பாடங்களை எடுப்பார்கள். கடைசி வருடத்தில் அதில் ஒன்றை விட்டுவிட்டு இரண்டைத்தான் படிக்க வேண்டும். என் மகள் கணிதம், பௌதிகம், உயிரியல் மூன்றும் படித்துக்கொண்டிருந்தாள். எதை விடுவது, அதற்குமேல் விரும்பினால் மேலதிகமாக எதைச் சேர்ப்பது என்று சொல்ல வேண்டும்.

ஊரில் உயர்தரப் பரீட்சை எடுத்த எவருக்கும் இரண்டு பாடம் என்றால் எப்படிக் கேட்கும் என்று தெரியும். மூன்றும் பாஸ் என்றால்தான் கம்பஸ், பல்கலைக்கழகம். இரண்டு பாஸ் என்றால் மூன்றாவது கோட்டை விட்ட கதை. சொந்தக்காரர் துக்கம் விசாரிக்க வருவார்கள். அதனால் ஒன்றை விடச் சொல்கிறார்கள் என்று கேட்டவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளை என்று கீழே தள்ளப் பார்க்கிறார்களோ? எல்லாருமே இரண்டுதான் எடுக்கிறார்கள் என்று மகள் எத்தனையோ தரம் விளக்கிவிட்டாள். "எல்லாரும் ரெண்டெண்டா நீ நாலு எடு" என்றேன்.

உண்மையாகவே நாலுக்கு வழி கண்டுபிடித்திருந்தேன். இரண்டு பாடத்தோடு உயர் கணிதம் என்ற மேலதிகப் பாடம், ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படிக்கிற பிரிவு, கைவிடுகிற உயிரியலுக்கு ரியூசன். அப்போதுதானே அவளை டொக்டராக்குகிற கனவும் சாகாமல் இருக்கும். அதற்கு ஆயத்தமாகச் சனிக்கிழமை லாச்சப்பலில் கணித ரியூசன், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி, மற்ற நாட்களில் விடிய ஐந்து மணிக்கு நான் தேத்தண்ணியோடு போய் எழுப்புவேன். பாரிசுக்கு வெளியே பொண்டியில் எங்களுடைய சின்ன அப்பார்ட்மெண்டில் இருக்கிற ஒரே அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் இவரும் வரவேற்பறைச் சோபாவை விரித்துப் படுத்தோம். இதற்குமேல் ஒரு தாய் என்ன செய்ய முடியும் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மகள் கடையின் பின்பக்கம் இருந்து சாப்பிட்டுவிட்டு, ரியூசனுக்குப் புறப்படும்போது சொன்னாள்.

"அம்மா, எனக்கு ரெண்டு பாடமே காணும்."

"காணும் காணும் எண்டு நிண்டால் என்னை மாதிரிக் கடைக்குள்ளைதான் நிக்கோணும்" என்றேன், துணியை வெட்டியபடியே. வழக்கமாக அவள் எனக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். அன்று தமிழில் சொல்லியிருந்தாள். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் ரியூசன் மாஸ்டரின் போன் வந்தது. "பிள்ளைக்குச் சுகமில்லையோ அக்கா? இண்டைக்கு வரேல்லை."

ரியூசன் நடக்கும் இடம் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். மகளின் போனுக்கு எடுத்தேன். அணைத்து வைத்திருந்தாள். திரும்பவும் எடுத்தேன். முன்னால் நின்ற பெண் "அக்கா, இந்தப் போடர் கொஞ்சம் அகலம் குறைவோ?" என்று கேட்கக் கேட்க, அடுத்த நம்பரை அழுத்தினேன். இவருக்கு எடுத்தால், ரெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கிற மனிதர், வேலை நேரத்தில் போன் அவருடைய பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். கடைக்கார அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் போய்ப் பாருங்கோ தங்கச்சி, நான் நிக்கிறன்" என்றார்.

வெளியே ஓடினேன். மரக்கறிக் கடைக்குள் பார்த்தேன், ரோல்ஸ் வாங்கும் கடையில் பார்த்தேன், மேலே மெத்ரோ போகிற பாலத்தின் கீழ் நடந்தேன். தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் சிரிக்க வேண்டியிருந்தது. மகளைக் காணவில்லை என்று வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் போல ஒரு பயம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போகிற தண்டவாளங்கள் தெரியும் இடத்துக்கு வந்தபோது, கீழே எட்டிப் பார்க்கத் துணிவு வரவில்லை. பத்திரிகையில் வாசித்ததெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பாவி மனம், நல்லதை நினைக்க மாட்டேன் என்றது. நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். ஒரு பெண்ணின் குரல், அரபு வாடை அடிக்கிற பிரெஞ்சு. மகள் தன்னோடு இருக்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை, பயப்பட வேண்டாம், ஆனால் அழுதுகொண்டே இருக்கிறாள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். எங்கே என்று கேட்டேன். பொண்டியைத் தாண்டிப் போகிற எங்கள் ரயிலின் கடைசி நிலையத்தைச் சொன்னார்.

அந்த ரயிலில் இருந்த நேரத்தை எப்படிச் சொல்வது? எங்கள் பொண்டியும் ஜன்னலால் வந்து போனது. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுகிற நேரம் எனக்கு ஒரு யுகம்.

பிளாற்போமின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அம்பது வயது மதிக்கத்தக்க பெண், தலையில் முக்காடு, பக்கத்தில் சில்லு வைத்து இழுத்துப் போகிற சந்தைப் பை. பைக்குள் மீன். ஐஸ் கரைந்து தண்ணீர் வாங்குக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் அவருடைய தோளில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். அவள் கண்ணில் இருந்தது பயம். என்னைக் கண்டு பயம்.

அந்தப் பெண்மணி பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

"ஏறி இருந்தவுடனேயே என்ரை தோளிலை சாஞ்சிட்டா. நான் நுவாசியிலை இறங்கோணும். எழும்பினால் பிள்ளை முழிச்சிடும். அப்பிடி ஒரு நித்திரை, எழுப்ப மனம் வரேல்லை. அப்பிடியே இருந்திட்டன். கடைசியிலை முழிச்சதும் அழத் தொடங்கிட்டா."

நுவாசி பொண்டிக்கு முந்தின நிலையம். தான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பிள்ளை தூங்கட்டும் என்று கடைசிவரை வந்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் படுக்கத்தான் ரயில் ஏறினேன் என்று மகள் மெல்லச் சொன்னாள். பிறகு அந்த மனுசி என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டிலை பிள்ளைக்குப் படுக்க இடமில்லையோ? என்ரை பிள்ளையள் கலியாணம் முடிச்சுப் போயிட்டினம். ஒரு அறை சும்மாதான் கிடக்கு. வேணுமெண்டால் வந்து படுக்கட்டும்."

குத்திக்காட்டவில்லை. மனதார, உதவியாகத்தான் கேட்டார். எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தனி அறை என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? "இடமிருக்கு மதாம்" என்றேன். அழுகைதான் வந்தது. மீனுக்குக் காசு தருகிறேன் என்றதற்கு அவர் சிரித்துவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் மூவரும் ஒன்றாக ஏறினோம். ரயில் புறப்பட முன்னமே மகள் தூங்கிவிட்டாள். இந்த முறை என் தோளில். அவளுடைய தலை இவ்வளவு பாரம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். சின்னனில் தூக்கித் திரிந்தபோது தெரிந்தது, அதற்குப் பிறகு எங்கே? பொண்டி வந்தது. கதவு திறந்தது. எழும்பவில்லை நான். எதிரே இருந்த பெண்மணி என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கதவு மூடியது. அடுத்த நிலையமான நுவாசியில் அவர் தன் மீன் பையை இழுத்துக்கொண்டு இறங்கி, ஜன்னலுக்கு வெளியே நின்று கை காட்டினார். அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது ரயில் போன பிறகுதான் புத்தியில் வந்தது.

பாரிசுக்கே வந்துவிட்டோம். மகள் கண்ணைத் திறந்து, "எங்கையம்மா நிக்கிறம்?" என்றாள்.

"திரும்ப லாச்சப்பலுக்குக் கிட்ட. நீ நித்திரை கொண்டாய், நான் இறங்கேல்லை" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு கேட்டேன், "சரி, உனக்கு எத்தினை பாடம் வேணும்?"

"நித்திரை கொண்டிட்டுச் சொல்லட்டோ?"

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு எழுப்பவில்லை. மத்தியானம் எழும்பி வந்து, தலைமயிர் கலைந்தபடி, சொன்னாள்: கணிதம், பௌதிகம். ஆங்கிலப் பிரிவு தனக்குப் பிடிக்கும், அது மட்டும் இருக்கட்டும். உயர் கணிதம் வேண்டாம், உயிரியல் வேண்டாம், ரியூசன் வேண்டாம். இவர் உடனே தலையாட்டினார். எனக்கு டொக்டர் கனவை விட மனமில்லை. ஆனாலும் "ஓம்" என்றேன்.

அது சரியான முடிவா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இப்போது அவள் பொறியியல் படிக்கிறாள். இன்னும் ஒரு பாடம் எடுத்திருந்தால் வேறு ஏதாவது வாசல் திறந்திருக்குமோ என்று சில வேளை நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது. தாய் மனம் ஒரு நாளில் திருந்திவிடுமா என்ன? ஆனால் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயில் நுவாசியில் நிற்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அந்த முக்காட்டையும் சில்லுப் பையையும் கூட்டத்தில் தேடுகிறேன். கண்டால் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன்: பிள்ளை இப்போது எங்கள் வீட்டிலேயே நித்திரை கொள்கிறாள்.