மூன்றாம் ஓலையில் ஒரு தடை

போன வெள்ளிக்கிழமை உலகம் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பதால், முடியவில்லை என்று தெரிகிறது. அப்பாடா!

சிரிக்காதீர்கள். எங்கள் பூந்தமல்லிப் பக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமையால் ஒரு கல்யாணமே நின்றுபோக இருந்தது.

சந்தை மைதானத்தில் பந்தல் போட்டு, வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் தினமும் பேசிவந்தார். கிறிஸ்தவ வேதத்தின் கடைசிப் பக்கங்களில் வருகிற மிருகம் ஜெர்மன்காரன்தான். அதை அடக்கப் பிறந்தது நம் சர்க்கார்தான். வருகிற வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் — இதுதான் சாரம். தலைமை வகித்தவர் ராவ் சாகிப் பட்டத்துக்குக் காத்திருக்கும் உள்ளூர்ப் பிரமுகர். அவர் முடிவுரையில் என்ன சொன்னார் தெரியுமா? அடுத்த மாதம் ஆவடியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், வாலிபர்கள் தவறாமல் வரவேண்டும் என்றார்!

வெள்ளிக்கிழமையோடு முடிகிற உலகத்துக்கு அடுத்த மாதம் எங்கிருந்து வந்தது? ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை... பக்கத்தில் போலீஸ்காரர் நின்றார்.

சர்க்கார் பக்கம்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நாலு தெரு தள்ளி இன்னொரு மேடை. அங்கே ஒருவர் புராணத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கல்கி அவதாரம் புறப்பட்டாயிற்று, வெள்ளைக்காரனைக் கப்பலேற்றப் போகிறது, அதற்குள் எங்கள் சபையில் சேர்ந்துவிடுங்கள் என்றார். வேதமாகட்டும், புராணமாகட்டும் — மேடை ஏறியதும் பேசுகிறவருடைய கட்சியில் சேர்ந்துவிடுகிறதே, இது என்ன மாயம்?

எனக்கு இதெல்லாம் வேடிக்கை. தையல்காரர் ஞானமுத்துவுக்கு அப்படியில்லை.

ஞானமுத்து காட்டுப்பாக்கத்துக்காரர். என் சிநேகிதர். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் எனக்கு முன் பெஞ்சு. அவர் மகள் ஜெயமணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை முத்தாபுதுப்பேட்டைப் பையன். ஆவடியில் பட்டாள லாரி ஓட்டுகிறான். அவனை அசாம் பக்கம் அனுப்ப உத்தரவு வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன்னால், அந்த வெள்ளிக்கிழமை கழிந்த திங்கட்கிழமையில் கல்யாணம். போனால் எப்போது திரும்புவான், திரும்புவானா... இந்த யுத்த காலத்தில் அதை யார் சொல்வது?

எங்கள் கோயில் வழக்கம் மற்ற வாசகர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால், அந்தத் தடை தீரும் வரை கல்யாணம் கிடையாது.

மூன்றாம் ஓலை. போதகர் வழக்கம்போல் கேட்டார். முன் பெஞ்சில் ஒருவர் எழுந்து நின்றார் — பெண்ணைப் பெற்ற ஞானமுத்துவே!

"தடை கீது ஐயா."

"மாப்பிள்ளை பேரில் ஏதாவது குற்றமா?" என்றார் போதகர், திகைத்துப்போய்.

"தங்கமான புள்ள. ஆனா வெள்ளிக்கெழம உலகம் முடியப் போவுது. அந்த நேரத்துல நாம பந்தல் போட்டுகினு, விருந்துக்கு ஆடு தேடிகினு இருந்தா ஆண்டவரு இன்னா நெனைப்பாரு? எம் பொண்ண வெளிய நிறுத்திக் கதவச் சாத்திட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. சிரிக்கப்போன நான் வாயை மூடிக்கொண்டேன். மனிதர் அதை நிஜமாகவே நம்பியிருந்தார். வெள்ளிக்கிழமைக்கென்று குடும்பம் முழுவதற்கும் வெள்ளைத் துணியில் உடுப்புத் தைத்து வைத்திருந்தார், பாவம்.

மாப்பிள்ளைப் பையன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அந்தப் பிரசங்கியார் மேல் வந்த கோபம் இருக்கிறதே! அவருக்கென்ன, பந்தலைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இங்கே ஒரு பெண்ணின் வாழ்வல்லவா அந்தரத்தில் நிற்கிறது?

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயமணி எழுந்தாள். பாட்டுப் பாடும்போது தவிர அவள் குரலை நான் கோயிலில் கேட்டதே இல்லை.

"வெள்ளிக்கெழம முடியுதுன்னா வியாழக்கெழமயே கல்யாணத்த வெச்சிடுங்க ஐயா. மேளம் வோணாம், விருந்து வோணாம். வெள்ளிக்கெழம நானும் அவரும் நைனா பக்கத்துலயே உக்காந்து ஜெபம் பண்றோம். ஜோடியாப் போனா ஆண்டவரு வோணாம்னா சொல்வாரு?"

கோயிலே சிரித்தது. போதகர் இருமுவதுபோல் சமாளித்துக்கொண்டு, "ஞானமுத்து, வியாழக்கிழமைக்குத் தடை உண்டா?" என்றார்.

ஞானமுத்து தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "வியாழக்கெழமைக்கு... ஒண்ணியும் இல்ல ஐயா."

அப்படியே நடந்தது. உலக முடிவுக்கென்று தைத்த வெள்ளை ரவிக்கைதான் கல்யாண ரவிக்கை. அளவும் கச்சிதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காட்டுப்பாக்கம் போனேன். பத்தி எழுதுகிறவன் வேறெங்கே போவான்? வாசலில் பாய் விரித்து, எல்லோரும் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் இறங்க இறங்க ஞானமுத்து கண்களை இறுக மூடிக்கொண்டார். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் படபடத்தது... எதற்கு மறைக்க வேண்டும்?

இருட்டியது. மேயப்போன எருமைகள் வீடு திரும்பின. ஞானமுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்து மகளைப் பார்த்தார். பக்கத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவ்வளவுதான், குழந்தைபோல் அழுதுவிட்டார். அழுகை முழுக்கச் சந்தோஷம். உடனே மனைவியைப் பார்த்து ஒரு கத்தல்:

"இன்னாமே பாத்துகினு கீற? மாப்ள மொத மொதலா நம்ம ஊட்டுக்கு வந்துகீறாரு... கோழியப் புடி!"

பையன் ரயிலேறிவிட்டான். வழியனுப்பிய ஜெயமணி இன்று அவன் மனைவி. அவளுக்கு இனிப் பயம் இருக்காதா? இருக்கும். ஆனால் இரண்டு பேருமாகச் சேர்ந்து தாங்கக்கூடிய பயம். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

பிரசங்கியார் என்ன ஆனார்? கணக்கில் சிறு பிழையாம். வருகிற ஆனி மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார். ஞானமுத்து கொதித்து எழுவார் என்று எதிர்பார்த்து, ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனியிலயா? அப்போ ரெண்டாவது பொண்ணு கல்யாணத்த வைகாசியிலயே முடிச்சிடணும் அண்ணாத்தே!"