காலையில் இரவாகும் தொட்டி

புனேயின் நிக்டியில் எங்கள் மேல்வீட்டுக்காரருக்கு ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனி ஒன்றில் இரவு வேலை. சிவந்த கண்ணும் கலைந்த தலையுமாகக் காலையில் கம்பெனி வண்டியிலிருந்து இறங்குவார். அதற்குள் மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருப்பார்கள்.

ஒரு நாள் குழம்பு கொடுக்கப் போனவள், கூடம் இருட்டாக இருக்கவே ஸ்விட்சைத் தேடினேன்.

"அரே, போடாதீங்கக்கா! அதுங்களுக்கு இப்பத்தான் ராத்திரி."

ஜன்னல்களில் கம்பளி தொங்கியது. தீபாவளிக்கு வாசலில் தொங்கவிடும் கந்தீல் விளக்குக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புக் கண்ணாடித்தாளை டார்ச்சில் சுற்றி, கடல்நீர்த் தொட்டிக்குள் காட்டினார். பாறை இடுக்கிலிருந்து நட்சத்திர மீனின் கை ஒன்று மெல்ல நீண்டது. ஓர் இறால் மீசையை ஆட்டியபடி வந்தது. இருட்டில் மட்டும் வெளியே வருகிற உயிர்கள். சிவப்பு வெளிச்சம் அவற்றின் கண்ணை உறுத்தாதாம். தொட்டி விளக்கை இரவெல்லாம் எரியவிட்டுக் காலையில் அணைத்து, அவற்றின் இரவைத் தன் நேரத்துக்கு மாற்றியிருந்தார்.

"நான் வர்ற நேரத்துல வீட்ல முழிச்சிருக்கறது இதுங்க மட்டும்தான்."

அடுத்த வருடம் அவருக்குப் பகல் வேலை கிடைத்தது. மகள் படியெல்லாம் குதித்து இறங்கி வந்து சொன்னாள். தொட்டியையும் மாற்றிவிடுவீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

"ஒரு தடவை மாத்தினதே பாவம்க்கா" என்றவர், வீட்டுச் சாவியையும் அந்த டார்ச்சையும் என் கையில் வைத்தார். "பகல்ல நீங்கதானே இருக்கீங்க. போய்ப் பாத்துட்டு, நட்சத்திரம் கை நீட்டுச்சான்னு சாயங்காலம் சொல்லுங்க."

தினமும் தன் வீட்டுக்கு ஏறும் முன் என் வாசலில் நின்று கேட்பார். நீட்டியது என்று நான் சொன்ன பிறகுதான் படியேறுவார்.