ஆர்டித் சுடாத மான்

ஆர்டித் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பலகை கிடக்கும். அதில்தான் அவள் தோட்டா தயாரிப்பாள். சுட்டு முடித்த வெறுங்கூட்டைத் துடைத்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்தி அழுத்துவாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வாய் ஓயாதவள். தராசு முன் உட்கார்ந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். பக்கத்து வீட்டில் இருக்கும் நான், கடையில் வாங்கினால் என்ன என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

“கடையில வாங்குன சட்டை உனக்குச் சரியா இருக்கா?” என்று என் வயிற்றைப் பார்த்தாள். அதோடு கேட்பதை விட்டேன்.

அமெரிக்காவில் எங்கள் வயோமிங் மாநிலத்தில் மான் வேட்டைக்குக் குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழ வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு மான். வடக்குப் பள்ளத்தாக்கின் சீட்டுக்கு ஆர்டித், கணவன் இருந்த காலத்திலிருந்தே எழுதிப் போட்டு வந்தாள். அவன் காலமானான், சீட்டு வரவில்லை. போன வருஷம்தான் விழுந்தது. அதைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து எழுதிப் போட வேண்டும். அவள் வயதுக்கு இன்னொன்று வராது என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அதற்காகவே புதுவகைக் குண்டு வாங்கினாள். நீளமானது, கூர்மூக்கு, பக்கக்காற்றுக்கு அவ்வளவாக அசையாது. பழைய செய்தித்தாள்களை நனைத்துக் கட்டி, பக்கத்திலிருந்து அதில் ஒரு குண்டைச் சுட்டுத் தோண்டிப் பார்த்தாள். மூக்கு காளான் மாதிரி விரிந்திருந்தது. பிறகு கோடை முழுக்கத் தூரத்து அட்டையில் சுட்டாள். ஓட்டைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன.

வேட்டை நாட்களிலோ காற்றும் பனியும் மாறி மாறி அடித்துத் தொலைத்தன. கடைசி நாள் சாயங்காலம்தான் ஓய்ந்தது. நானும் அவள் தம்பி ராய்ஸும் கூடப் போனோம். வெட்டவெளியின் அந்தக் கோடியில் ஒரு ஆண்மான் நின்றது. அப்படி ஒரு கொம்பை நான் அதுவரை பார்த்ததில்லை. முழங்காலில் கள்ளிமுள் குத்தக் குத்த ஆர்டித் தவழ்ந்தாள். பின்னாலேயே நாங்களும். ஓரிடத்தில் புதர் தீர்ந்துபோனது. அதற்குமேல் எலிகூட ஒளிய முடியாது.

ராய்ஸ் கருவியில் தூரம் பார்த்தான். கோடையில் அட்டை வைத்த அதே தூரம்தான், சுடு என்று கிசுகிசுத்தான். ஆர்டித் படுத்துக் குறி வைத்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

வெடிச் சத்தம் வரவில்லை. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

“போய்ச் சேரும்டா. ஆனா அவ்வளவு தூரம் போறதுக்குள்ள வேகம் செத்துடும். அந்த வேகத்துல விரியுமான்னு நான் பாக்கவே இல்லையே.”

விரியாத குண்டு ஊசி மாதிரி உடம்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும். மான் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து மெல்லச் சாகும். அது எங்கள் மூவருக்கும் தெரிந்ததுதான்.

“அப்போ கோடை பூரா என்னத்தக்கா சுட்ட?”

“அட்டைய.”

மான் சாவகாசமாக மேய்ந்தது, ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தது, மேட்டைத் தாண்டிப் போனது. இருட்டிவிட்டது. வண்டியில் வீடு வரைக்கும் ராய்ஸ் புலம்பித் தீர்த்தான். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அப்படி ஒரு மானின் மேல் வைத்த குறியை எடுக்க ஒரு மனுஷியால் முடிந்ததே என்ற மலைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை எங்களைக் கூப்பிட்டாள். மருந்தைக் குறைத்துப் போட்டு ஒரு தோட்டா செய்து வைத்திருந்தாள். மான் நின்ற தூரத்தில் குண்டுக்கு எவ்வளவு வேகம் மிஞ்சியிருக்குமோ அந்த வேகம்தான் இதற்கு இருக்குமாம். கொல்லையில் ஈரக் காகிதக் கட்டைச் சுட்டாள். ராய்ஸ் கத்தியால் தோண்டிக் குண்டை எடுத்தான்.

“விரிஞ்சிருக்குக்கா. நேத்துச் சுட்டிருந்தா அங்கேயே விழுந்திருக்கும்.”

ஆர்டித் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஈயமும் செம்பும் இதழ் இதழாகப் பிரிந்து, ஒரு குறையும் இல்லாமல் விரிந்திருந்தது. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வந்தது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

“இருக்காதா பின்னே?” என்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா நேத்து எனக்கு இது தெரியாதே.”