வட்டகொடையிலிருந்து லண்டன்: ஒரு தகப்பனின் நேரக் கணக்கு

பயணத்துக்கு முன் என் குறிப்பேட்டில் எழுதிவைத்த வரிசை இது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு உதவலாம்.

1. பெட்டியின் எடை.
2. வட்டகொடையிலிருந்து கட்டுநாயக்கா.
3. கட்டுநாயக்காவிலிருந்து லண்டன்: தூரமும் நேரமும்.
4. இறங்கும் நேரம் அறிய ஐந்தரை மணி கூட்டுக.

1965 தை மாதம் என் மகள் ரூத் தாதிப் பயிற்சிக்காக லண்டன் புறப்பட்டாள். தாயில்லாப் பெண், எனக்கும் அவள் ஒருத்திதான்.

விமானத்தில் நாற்பத்து நான்கு இறாத்தல் (பவுண்டு) எடைக்கு மேல் கொண்டுபோக முடியாது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் பெட்டியை மூன்று முறை நிறுத்தேன். நாற்பத்து மூன்றரை.

"இன்னொரு தடவை நிறுக்கிறதா இருந்தா என்னையும் சேத்துத் தொங்க விட்டுருங்கப்பா," என்றாள் ரூத்.

ஞாயிறு காலை பத்தரைக்கு வட்டகொடையில் ரயில் ஏறினோம். கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் சுமார் நூற்றிருபது மைல். ஏழு மணி நேரம். ஒரு நாள் முன்னதாகப் போவது நல்லது. மலைப்பாதையில் ரயில் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அன்றிரவு தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் இருபது மைல். திங்கள் இரவு எட்டு மணிக்கு விமானம் எழும்பியது. ரூத் அழவில்லை. என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நான் படிப்பிக்கும் பாடசாலையின் பூகோள உருண்டையில் நூல் வைத்து அளந்தால் லண்டன் ஐயாயிரத்து நானூறு மைல். வழியில் மூன்று இடங்களில் இறங்கி ஏறப் பதினெட்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்படியானால் செவ்வாய் பிற்பகல் இரண்டு. ஆனால் சூரியனே லண்டனுக்கு ஐந்தரை மணி பிந்தித்தான் போகிறது. விமானம் மட்டும் முந்துமா? கூட்டினேன். இரவு ஏழரை.

செவ்வாய் காலை மெயில் ரயிலில் ஊர் திரும்பியதும் ஸ்டேஷனடியில் கடை வைத்திருக்கும் காதர் நானாவிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். மாலை ஐந்து மணிக்கு அதே கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தந்திக்காரர் வந்து என் பெயரைச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவு. என் கணக்கின்படி விமானம் இன்னும் இரண்டரை மணி நேரம் பறக்க வேண்டும். உறையைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

"பிரிங்க மாஸ்டர்," என்றார் நானா.

"நீங்க பிரிங்க நானா. என்னால முடியல."

"பிரிச்சுருவேன். இங்கிலீசு யாரு படிக்கிறது? இந்தப் பூனையா?"

புகையிலைக் கத்தியால் உறையைக் கீறி என் கையிலேயே திணித்தார். ஒரே வரி: 'நலமாக இறங்கினேன், குளிர் நுவரெலியா போலத்தான், ரூத்.'

இரண்டு முறை உரக்கப் படித்தேன். நானா மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னார். பிறகு சிரித்தார். "இன்னும் ஆகாசத்துல இருக்குன்னீங்களே மாஸ்டர், தந்திய மேகமா குடுத்துச்சு?"

ஆகவே வாசகர்களே, தடித்த கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைக்காதீர்கள். போட்டுக்கொண்டே ஏறினால் எடையில் சேராது. முதல் மூன்று குறிப்புகளையும் நம்பலாம். நான்காவது பிழை. வீட்டில் காத்திருப்பவருக்கு, புறப்பட்ட நேரத்தோடு பதினெட்டு மணியைக் கூட்டினால் போதும். லண்டன் நேரம் வேண்டுமென்றால் அதிலிருந்து ஐந்தரையைக் கழிக்க வேண்டும். என் மகள் தரையிறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த பிறகும், நான்தான் அவளை வானத்திலேயே வைத்திருந்தேன்.