கண்ணாடி தானாக உடையாது

கண்ணாடி ஊதுகிறவனைத் தேடிச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. திருவனந்தபுரத்தில், பல்கலைக்கழக வேதியியல் துறையின் பின்பக்கத்துத் தகரக் கூரை அறையில், கேஸ் சுடருக்கு முன்னால் உட்கார்ந்தே என் வாலிபம் போயிற்று. ஆராய்ச்சி மாணவர்களுக்குக் குடுவையும் குழாயும் ஊதிக் கொடுப்பது, உடைந்ததை ஒட்டிக் கொடுப்பது, இதுதான் வேலை. கடிகாரமோ ரேடியோவோ ரிப்பேர் செய்து பிழைக்கிறவராக நீங்கள் இருந்தால் என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும். கொண்டுவருகிற ஒருவராவது தான் உடைத்ததாகச் சொல்லியிருக்கிறாரா? பூனை உடைத்திருக்கும், மழை உடைத்திருக்கும், கரண்டு போய்த் திரும்பி வந்து உடைத்திருக்கும்.

ஒரே பையில் இரண்டு

தேயிலையைப் பற்றி ஆராய்ச்சி செய்த மாத்யூ, என்னிடம் புதுக் குடுவை ஒன்றை வாங்கிக்கொண்டு மலைமேலிருந்த போனக்காடு எஸ்டேட்டுக்குப் போனார். நான்காம் நாள் ஒரு சாக்குப் பையோடு வந்து நின்றார். உள்ளே கழுத்து தனி, வயிறு தனி. மலையில் குளிர் ஜாஸ்தி, குளிரில் வெடித்துவிட்டது என்றார்.

கையில் எடுத்தால் விரலெல்லாம் பலாப்பால் பிசுபிசுவென்று ஒட்டியது. “இதே பையில் பலாப்பழமும் வந்ததா?” என்றேன். மனிதர் கொஞ்சமும் கூசவில்லை. வந்தது, குடுவைக்கு மேலேதான் இருந்தது என்றார். அதோடு விட்டாரா? என் கண்ணாடியின் லட்சணத்தை எனக்கே எடுத்துச் சொன்னார்: “ரெண்டும் ஒரே பஸ்ஸிலேதானே வந்தது அண்ணாச்சி, பலாச்சக்கைக்கு ஒண்ணும் ஆகியில்லல்லோ!”

என் வலது புருவம்

பலாப்பாலைத் தேய்த்துக் கழுவிய கையோடு ஓர் அட்டையை எடுத்து, தமிழிலும் மலையாளத்திலும், ‘கண்ணாடி தானாக உடையாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினேன். அடியில் சின்ன எழுத்தில், ‘கழுவிக் காயவைத்துக் கொண்டுவரவும்’. வருகிறவர்களிடமெல்லாம் முதல் வரியைக் காட்டிச் சண்டை போட்டேன். இரண்டாம் வரியை ஒருவரும் படிக்கவில்லை.

ஈதர் என்று ஒரு திரவம் உண்டு. சுடரைத் தூரத்தில் கண்டாலே பற்றிக்கொள்ளும். சசிதரன் என்ற மாணவர் விரிசல் விட்ட குடுவை ஒன்றைக் கொண்டுவந்தார். கழுவியாயிற்றா என்று கேட்டேன். கழுவியாயிற்று என்றார். நம்பிச் சுடரில் காட்டினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். கண் தப்பியது சாமி புண்ணியம், வலது புருவத்தைக் காணோம். சத்தம் கேட்டு, வாசலில் நின்ற சசிதரன் ஓடிவந்தார். என் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தரையில் கிடந்த சில்லுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்: “அய்யோ அண்ணாச்சி, அடியிலே கொஞ்சம் என்றெ சாம்பிள் கிடந்ததே!”

மூன்று மணிச் சாயா

எங்கள் துறையில் மூன்று மணிக்கு பீக்கரில்தான் சாயா போடுவார்கள். யார் ஆரம்பித்த வழக்கமோ, விஷம் காய்ச்சிய பாத்திரத்திலேயே பாலும் காயும். ஒரு தடவை புரொபசருக்காக, எத்தனை சூட்டையும் தாங்குகிற தனி ரகக் கண்ணாடியில் ஒரு பாத்திரம் செய்து கொடுத்தேன். மூன்று வாரம் மூச்சைப் பிடித்து ஊதிய சாமான். மறுநாள் அட்டெண்டர் குட்டன் பிள்ளை அதில் சாயாத்தூளைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் கட்டடமே கூடிவிட்டது. குட்டன் பிள்ளை மட்டும் அசையவில்லை. எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டிக்கொண்டே சொன்னார்: “இதிலே சாயா வேகம் திளைச்சுக் கொதிக்குது அண்ணாச்சி, இதுபோலே இன்னும் ஒண்ணு உண்டாக்கணும்.”

உடைத்தேன் என்று சொன்னவள்

கரமனை அக்ரஹாரத்துப் பெண் கமலம். நான்கு வருஷமாக ஆராய்ச்சி. காலக்கெடு மார்ச்சோடு முடிகிறது, கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதற்கு வேண்டிய, குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்ப் துறைக்கே ஒன்றுதான் இருந்தது. ஆள் மாற்றி ஆள் முறைவைத்து வேலை செய்வார்கள். முறை நடக்கும்போது யாராவது சாமானை உடைத்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான் என்பது புரொபசரின் சட்டம். கமலம் கடைசிக்குப் போனால் ஏப்ரல் வந்துவிடும், பட்டம் போய்விடும்.

அவளுக்கு ஆளுயரக் குழாய் ஒன்று, மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டுச் செய்தேன். ஒட்டிய கண்ணாடி சாம்பல் பெட்டிக்குள் கிடந்து மெள்ள ஆற வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்து ஒட்டிய இடத்தில் வளையமாக விரிந்துவிடும். மறுநாள் காலைவரை கிடந்திருக்க வேண்டிய குழாயை, வெள்ளிக்கிழமை நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான்கு மணிக்கே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வந்து துண்டுகளை மேஜைமேல் வைத்தாள். கண் சிவந்திருந்தது. “பம்ப்பை ரொம்ப இறுக்கிட்டேன் போலிருக்கு. ஒடச்சது நான்தான் அண்ணாச்சி” என்றாள். பூனையும் மழையும் கேட்டுக் கேட்டுப் புளித்த காதில் முதல்முறையாக அந்தச் சொல் விழுந்தது. துண்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டிய இடத்தில், அச்சு வார்த்த மாதிரி வளையம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் உடைக்கவில்லை, நான்தான் உடைத்தேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு நேரே புரொபசரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். “பொன்னையா, இந்தக் குட்டிக்கு வேண்டி நீ கள்ளம் சொல்ல வேண்டா” என்றார். சத்தியம் செய்தேன். வளையத்தைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே, சரி, உனக்காக விட்டேன், முறை அவளுக்கே இருக்கட்டும் என்றார். கோபம் வந்துவிட்டது எனக்கு. வாழ்நாளில் ஒரு தடவை குற்றத்தை ஒப்புக்கொண்டால், அதைத் தர்மம் என்று எழுதிக்கொள்கிறார்களே!

மறு குழாயை இரண்டு முழு நாள் சாம்பலுக்குள் வைத்துத்தான் கொடுத்தேன். மார்ச் கடைசி வாரம் சோதனை முடிந்தது. வாய்மொழித் தேர்வு முடிந்து எல்லாருக்கும் வடையும் சாயாவும் கொடுத்த அன்று, பைண்டு செய்த புத்தகத்தோடு கமலம் என் அறைக்கு வந்தாள். நன்றி சொல்லும் பக்கத்தைத் திறந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தாள்: ‘என் தவறைத் தன் தவறாக ஏற்றுக்கொண்ட கண்ணாடிக் கலைஞர் பொன்னையா அவர்களுக்கு.’ “அம்மா, அது என் தவறுதான், இதை அடித்துவிடு” என்று மன்றாடினேன். அவள் சுவரிலிருந்த அட்டையைக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்: “இன்னும் எத்தனை நாள் எனக்காகப் பொய் சொல்லப் போறேள் அண்ணாச்சி? கண்ணாடி தானா ஒடையாதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

இருபத்தெட்டு வருஷத்தில் நான் செய்து கொடுத்தவற்றில், யார் எப்படிப் போட்டாலும் உடையாமல் நின்றது அந்த அட்டையில் எழுதிய வரி ஒன்றுதான்.